ஓராள் எடைக்கு நிமிராத படகு

மகனே, உனக்கும், உன் கைபிடிக்கப் போகிற ஆயிஷாவுக்கும் அல்லாஹ் எல்லா நலனும் தரட்டும்.

நேற்று போனில் நீ கோபப்பட்டாய். அத்தா கடலில் கவிழ்ந்து செத்துப் பிழைத்தார் என்று யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். "அந்தப் படக வித்துருங்க, இல்லன்னா நானே வந்து ஒடைச்சுப் போடுவேன்" என்றாய். "ஒண்ணுமில்லடா, கொஞ்சம் நனைஞ்சிட்டேன்" என்று சொல்லி, பேச்சை நிக்காஹ் ஏற்பாட்டின் பக்கம் திருப்பிவிட்டேன். நீயும் கல்யாண வேலையில் இருப்பவன், மேலே கேட்கவில்லை. போனை வைத்த பிறகு எனக்கு மனசு ஆறவில்லை. போனில் பேச எனக்கு என்றைக்குமே வந்ததில்லை. ஷார்ஜாவில் இருந்த காலத்தில் வாரம் ஒரு தடவை கூப்பிட்டு, "சாப்பிட்டியா, படிச்சியா, அம்மாட்டக் குடு" என்று கேட்டதோடு என் பேச்சு முடிந்துவிடும். உன் பிள்ளைப் பருவம் முழுக்க அந்த மூன்று வார்த்தைகளில் போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன்; முடித்ததும் பக்கங்களைப் படம் எடுத்து இன்றைக்கே உன் போனுக்கு அனுப்பிவிடுவேன். அன்றைக்கு நடந்ததை, அதற்கு முன்னால் நடந்ததையும் சேர்த்து, முழுசாகச் சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டுக் கோபப்படு.

அந்தப் படகை நான் கட்டியபோது நீ கோலாலம்பூர் போய்ச் சேர்ந்துவிட்டாய். படத்தில்தான் பார்த்திருக்கிறாய். ஒல்லியான இரண்டு ஃபைபர் ஓடங்கள், இடையே அலுமினியக் குழாய்கள், குழாய்களுக்கு நடுவில் கட்டில் போல இழுத்துக் கட்டிய வலை, ஒரு பாய்மரம், ஒரு பாய். எஞ்சின் கிடையாது. ஷார்ஜாவில் நான் வேலை பார்த்த பட்டறையில் வெள்ளைக்காரர்கள் விளையாட்டுக்கு ஓட்டுகிற இந்த மாதிரி இரட்டைப் படகுகளை வருஷக்கணக்காக வார்த்திருக்கிறேன். வார்த்த படகு ஒழுகுகிறதா என்று பார்க்க, ஒரு பிலிப்பைன்ஸ்காரரோடு கடலில் ஓட்டியும் பார்ப்போம். பாய் காற்றைப் பிடித்ததும் சத்தமே இல்லாமல் அது கிளம்பும் பார், அந்த ஒரு நிமிஷத்துக்காகவே அந்த வெயிலையும் ரெசின் பசை நாற்றத்தையும் பொறுத்துக்கொண்டேன். ஊருக்கு வந்ததும் எனக்கென்று ஒன்று செய்துகொள்வேன் என்று அப்போதே நினைத்துவிட்டேன்.

கரையில் இதை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. இதில் வலை போட முடியாது, நண்டு எடுக்க முடியாது, ஆள் ஏற்றவும் முடியாது. "பெறகு எதுக்குங்க?" என்று கேட்பார்கள். "சும்மா போயிட்டு வரத்தான்" என்பேன். நண்டு வலை போடுகிற ஒருவர் சொன்னார், "கடலுக்குச் சும்மா போறவன் ஒண்ணு பணக்காரனா இருக்கணும், இல்ல கிறுக்கனா இருக்கணும். நீங்க பணக்காரர் மாதிரித் தெரியலையே." நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். அவர்களுக்குக் கடல் வேலை செய்கிற இடம். வேலை செய்கிற இடத்துக்கு லீவு நாளில் யார் போவார்கள்?

உன் அம்மா வந்தாள். முதல் நாள் "நான் வர மாட்டேன், நாலு பேரு பாப்பாக" என்றாள். மறுநாள் விடியற்காலையில் தொழுதுவிட்டு அவளே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். இந்தப் படகில் ஒரு விஷயம் உண்டு. காற்று ஏறினால், காற்று வருகிற பக்கத்து ஓடம் தண்ணீரை விட்டு மேலே எழும்பும். அதை அமுக்க அந்தப் பக்கம் எடை வேண்டும். உன் அம்மா வலையின் அந்த ஓரத்தில் உட்கார்ந்து, குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். "ஒங்கள நம்பி ஒக்காரல, என் ஒடம்ப நம்பி ஒக்காந்திருக்கேன்" என்பாள். நான் சுக்கானும் கயிறுமாக இருப்பேன். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டோம். நான் அரபு நாட்டில் கழித்த வருஷங்களில் பேசாமல் விட்டதையெல்லாம் பேசிவிடலாம் என்று ஊருக்கு வந்தவனுக்கு, பேச ஒன்றுமில்லாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கத்தான் தெரிந்தது. அவளுக்கும் அது போதுமாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு தடவை இரண்டு பேரும் கவிழ்ந்தோம். இதை உனக்குச் சொல்லக் கூடாது என்று அவள் சத்தியம் வாங்கியிருந்தாள். இப்போது சொன்னால் குற்றமில்லை. படகு பக்கவாட்டில் சாய்ந்து பாய் தண்ணீரில் படுத்துவிட்டது. நான் அவளைத்தான் தேடினேன். அவள் ஏற்கெனவே அடி ஓடத்தில் கால் வைத்து ஏறி நின்று, முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். கவிழ்ந்த படகை நிமிர்த்த ஒரே வழி, மேல் ஓடத்தைச் சுற்றி ஒரு கயிற்றைப் போட்டு, கீழ் ஓடத்தில் நின்றபடி உடம்பை முழுசாகப் பின்னால் சாய்த்துத் தொங்குவது. "பாத்துக்கிட்டு நிக்காதீங்க, இழுங்க" என்று என்னை அதட்டினாள். இரண்டு பேருமாகத் தொங்கினோம். பாய் மெல்லத் தண்ணீரை உதறிக்கொண்டு எழுந்தது. படகு நிமிர்ந்ததும் இருவரும் வலையில் மல்லாந்து கிடந்தோம். அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பார்க்கும்படி நான் பக்கத்தில் இருந்ததும் இல்லை.

அவள் கண்ணை மூடிய பிறகு நான் தனியாக ஓட்டப் பழகினேன். பாயைச் சுருட்டிச் சிறிதாக்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு கையில் சுக்கான், ஒரு கையில் பாய்க்கயிறு. மூக்கு அரித்தால் சொறியக் கை கிடையாது. தண்ணீர் பாட்டிலைக் கால் இடுக்கில் வைத்து, பல்லால் மூடியைத் திருகுவேன். அவள் உட்கார்ந்த ஓரத்தில் இப்போது நானே உட்கார வேண்டும், இல்லாவிட்டால் படகு எழும்பிவிடும். முதல் சில நாள் அங்கே உட்கார மனசு கூசியது. காற்றுக்கு அதெல்லாம் தெரியுமா? உட்கார வைத்துவிட்டது. வீட்டுக்குள் இருப்பதைவிட அது எனக்கு மேலாக இருந்தது. ஓர் ஆளுக்குச் சோறு வடிக்க இன்னும் எனக்கு அளவு பிடிபடவில்லை. மிஞ்சுகிறது, இல்லாவிட்டால் பற்றவில்லை. வீட்டில் ஒரு சத்தம் கேட்டால் நான் செய்த சத்தமாகத்தான் இருக்கும். கடலில் அப்படி இல்லை. அங்கே பேச ஆள் இல்லாதது யாருக்கும் குறையாகத் தெரியாது.

வீடு இப்படிக் காலியானதற்கு உன் அம்மா இல்லாதது மட்டும் காரணம் இல்லை. உன் மாமாவும் வருவதில்லை. உன் அம்மாவுக்கு அவர் ஒரே அண்ணன். முன்னெல்லாம் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு நேரே நம் வீட்டுக்குத்தான் டீ குடிக்க வருவார். அவர் மகள் ரஹ்மத்தை உனக்குத்தான் என்று சின்னதிலிருந்தே இரு வீட்டிலும் பேசிக்கொண்டிருந்தோம். நீ கோலாலம்பூரில் ஆயிஷாவைப் பார்த்துவிட்டேன் என்று சொன்ன அன்று, உன் அம்மாவே போய் அண்ணனிடம் சொன்னாள். அவர் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். பாதியிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போனாராம். அதன் பிறகு நம் வாசலை மிதிக்கவில்லை. அவள் மையத்து எடுத்த அன்று வந்தார். சந்தூக்கைத் தூக்கும்போது முன்பக்கம் நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் தோள் கொடுத்தோம். வழியெல்லாம் அவர் அழுதுகொண்டு வந்தார். அடக்கம் முடிந்ததும் கபர்ஸ்தானிலிருந்து அப்படியே தன் வீட்டுக்குப் போய்விட்டார். நான் அவரைத் தப்புச் சொல்லவில்லை. உன்னையும் சொல்லவில்லை. விருப்பம் இல்லாத ஒருத்தியைக் கட்டி வைத்து இரண்டு பேரையும் கெடுக்க எனக்கு மனசில்லை. ஆனால் நீ சொன்ன அந்த ஒரு சொல்லின் பாரத்தைச் சுமந்தது நீ இல்லை, இங்கே இருந்த நாங்கள் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். போன வாரம்தான், ஆடி மாதம். எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கை நேவிக்காரர்கள் நம் பக்கத்துப் படகுகள் சிலவற்றைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அதற்காக ஜெகதாப்பட்டினத்திலிருந்து நம் கரை வரைக்கும் வேலைநிறுத்தம். விசைப்படகு, ஃபைபர் படகு எதுவும் இறங்கக் கூடாது என்று சங்கத்தில் கட்டுப்பாடு. தொழிலுக்குப் போகாத என் படகை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு இறங்கினேன். கண்ணுக்கு எட்டின தூரம் ஒரு படகு இல்லை. கடல் முழுக்க எனக்கே எனக்கு என்று நினைத்துக்கொண்டேன். அப்படிப்பட்ட நாளில்தான் போகக் கூடாது என்று தோன்றவில்லை.

சோழகக் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசிக்கொண்டிருந்தது. படகு நன்றாக ஓடியது. கரையில் பள்ளிவாசல் மினாரா விரல் அளவுக்குச் சிறுத்துவிட்டது, இனித் திரும்பலாம் என்று இருந்தேன். அதற்குள் கயிறு பிடித்த கை மரத்துவிட்டது. பாய்க்கயிற்றைக் கையில்தான் பிடிக்க வேண்டும், காற்று திடீரென்று ஏறினால் உடனே விட்டுவிட வேண்டும். பட்டறையில் புதுசாக வந்தவர்களுக்கெல்லாம் நானே சொல்லிக் கொடுத்தது இது. ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் நேரம்தானே என்று கயிற்றைக் கட்டையில் சுற்றி வைத்தேன். பாட்டில் மூடியைத் திருகவில்லை, ஒரு குத்துக் காற்று வந்தது. நான் உட்கார்ந்திருந்த ஓடம் எழுந்து நின்றது. கயிற்றுச் சுற்றை அவிழ்க்கக் கை போவதற்குள் பாயின் மேல் விழுந்து கிடந்தேன்.

லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேன், அதனால் மூழ்கவில்லை. நீந்திப் போய்க் கீழ் ஓடத்தில் ஏறி நின்றேன். கயிற்றை எடுத்து மேல் ஓடத்தில் போட்டுத் தொங்கினேன். படகு அசையவில்லை. நம் கடல் ஆழம் இல்லாதது உனக்குத் தெரியும், அடி முழுக்கச் சேறு. பாய்மரத்தின் நுனி போய்ச் சேற்றில் குத்தி நின்றுவிட்டது. குனிந்து, நிமிர்ந்து, முழங்காலை ஊன்றி, என்னென்னவோ செய்து தொங்கினேன். என் ஒரு ஆள் எடை அதற்குப் பற்றவில்லை. இருந்த பலமெல்லாம் போன பிறகு ஓடத்தின் மேல் கால் விரித்து உட்கார்ந்துவிட்டேன். போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டுப் பாய்மரத்தின் அடியில் கட்டியிருந்தேன். பையையும் காணவில்லை.

அங்கே உட்கார்ந்திருந்த நேரத்தைப் பற்றித்தான் உனக்கு எழுத நினைத்தேன். சாவைப் பற்றி அவ்வளவு பயம் வரவில்லை. கரை தெரிகிறது, வெயில் ஏறுகிறது, ஜாக்கெட் இருக்கிறது. பாய்மரம் சேற்றில் குத்தி நின்றதால் படகு அடித்துக்கொண்டும் போகவில்லை. இல்லாவிட்டால் அந்தக் காற்று என்னை எல்லை வரை கொண்டுபோய் விட்டிருக்கும். எனக்கு வந்த நினைப்பு வேறு. நான் கடலுக்குப் போகிறேன் என்று யாரிடம் சொல்லிவிட்டு வந்தேன்? யாரிடமும் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன். பூட்டைப் பார்த்தால் எங்கே போனார் என்று கேட்க ஆள் இல்லை. நீ ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவாய். அன்று புதன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் நான் வழக்கமாக நிற்கிற தூணுக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தால், அதுவும் பக்கத்தில் நிற்பவர் கொஞ்சம் தள்ளி நின்று அடைத்துக்கொள்வார். ஒரு மனுஷன் இத்தனை வருஷம் வாழ்ந்து, காணாமல் போனால் காணவில்லை என்று தெரிவதற்கே இவ்வளவு நாள் ஆகுமா என்று நினைத்தேன். சத்தமாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் உன் அம்மாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன்.

வெயில் உச்சிக்கு வரும் முன்னால் எஞ்சின் சத்தம் கேட்டது. ஃபைபர் படகு ஒன்று நேராக என்னைப் பார்த்து வந்தது. பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது, உன் மாமா. தனியாக வந்திருந்தார். எஞ்சினைத் தணித்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அடிகிடி பட்டிருக்கா?"

"இல்ல மச்சான்."

தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் போட்டார். நான் குடித்து முடிக்கும் வரை எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறுங்க. படகு கெடக்கட்டும். ஸ்ட்ரைக்கு முடிஞ்சப்புறம் நாலு பேரக் கூட்டியாந்து எடுத்துக்கிருவம்."

"பாய்மரம் சேத்துல குத்தி நிக்கிது மச்சான். இந்தக் காத்துக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒடஞ்சிரும்."

"ஒடஞ்சா ஒடையட்டும். ஆளு முக்கியமா, படகு முக்கியமா?"

"ஒங்க தங்கச்சி ஒக்காந்து வந்த படகு" என்றேன்.

கொஞ்ச நேரம் அலையில் இரண்டு படகும் ஆடிக்கொண்டு நின்றன. பிறகு அவர் எஞ்சினை நிறுத்தினார். நங்கூரத்தைப் போட்டார். சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்தார்.

அவர் முங்கிப் போய்ப் பாய்மர நுனியில் ஒரு கயிற்றைக் கட்டினார். தன் படகில் ஏறி மெல்ல மெல்ல இழுத்துச் சேற்றிலிருந்து அதை விடுவித்தார். அப்புறம் நீந்தி வந்து என் பக்கத்தில் ஓடத்தின் மேல் நின்றார். "இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டார். கயிற்றின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தேன். "ரெண்டு பேரும் சேந்து பின்னால சாஞ்சு தொங்கணும். அது எந்திரிக்கிற வரைக்கும் விடக் கூடாது." அவர் கனத்த உடம்புக்காரர். இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டிச் சாய்ந்தோம். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு "யா அல்லா" என்றார். பாய் தண்ணீரிலிருந்து பிரிகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரே வீச்சில் படகு நிமிர்ந்து, எங்கள் இரண்டு பேரையும் தண்ணீரில் தள்ளிவிட்டது.

வலையில் ஏறிப் படுத்து மூச்சு வாங்கினோம். அவருக்கு மூச்சு அடங்க நேரமாயிற்று. வானத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "ரெண்டாளு இல்லாம நிமிராதுன்னு தெரியுதுல்ல. பெறகு ஒத்தையில எதுக்கு இதுல ஏறுறீங்க?"

பதிலுக்கு நான் ஒன்று கேட்டேன். "நான் இங்க கெடக்குறது எப்புடித் தெரிஞ்சிச்சு மச்சான்?"

"ரஹ்மத்து சொன்னா."

"அவளுக்கு எப்புடி?"

"அவ தெனமும் மாடியில நின்னு பாக்குறா. நீங்க கரையேறுனாத்தான் ஸ்கூலுக்குக் கிளம்புவா. இன்னைக்குப் பாய்ச் சீலை தெரியலைன்னு கத்துனா. நான் சும்மா இருடின்னேன். பஸ்ஸையும் விட்டுட்டு எம் முன்னால வந்து நின்னுக்கிட்டா." முகத்தைத் துடைத்துவிட்டு, "தங்கச்சி மவுத்தானதுல இருந்து பாக்குறாளாம். எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்" என்றார்.

கரைக்கு என் படகைக் கட்டி இழுத்து வந்தார். வழியில் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மணலில் ஏற்றி வைத்ததும் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். நான் "மச்சான்" என்று கூப்பிட்டேன். காதில் விழுந்திருக்கும். அவர் நிற்கவில்லை. ஈர உடம்போடு நான் வந்து கதவைத் திறந்தேன். மிச்சச் சோறு இருந்தது. உட்கார்ந்து சாப்பிட்டேன்.

வேலைநிறுத்த நாளில் எப்படிப் படகு இறக்கலாம் என்று சங்கத்தில் உன் மாமாவை நிறுத்திக் கேட்டிருக்கிறார்கள். டீக்கடையில் எனக்குச் சொன்னார்கள். "எங்க வீட்டு ஆளு கடல்ல கெடந்தாரு, போனேன். அதுக்கு என்ன செய்யணுமோ செஞ்சுக்கங்க" என்றாராம். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லையாம். அந்த 'எங்க வீட்டு ஆளு' என்ற சொல்லைக் கேட்டதும் நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கடைக்காரர் சர்க்கரை பற்றவில்லையோ என்று நினைத்திருப்பார்.

மறுநாள் காலை ரஹ்மத்தைப் பார்க்க பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். மணமேல்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கு டீச்சர். என்னைக் கண்டதும் ஸலாம் சொல்லிவிட்டு, ஒதுங்கி நிழலில் இடம் விட்டாள். நன்றி சொல்லத்தான் வந்தேன். "ஏம்மா தெனமும் பாக்குற?" என்று மட்டும் கேட்டேன்.

"மாமி இருந்தப்ப ரெண்டு பேரு போவீங்க, பாக்க மாட்டேன். இப்ப ஒத்தையாப் போறீங்க மாமா. யாராச்சும் பாக்கணும்ல" என்றாள்.

உன் நிக்காஹைப் பற்றி நானாகவே எடுத்தேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை என்றேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு இல்லை, வரவேண்டிய பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சிரித்தாள்.

"அவங்க நல்லா இருக்கட்டும் மாமா. எனக்கு ஒரு கோவமும் இல்ல. பேசி வச்சது பெரியவங்க. முடியாதுன்னு சொன்னது ஒங்க மகன். நடுவுல என்னைய ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தா நானும் முடியாதுன்னுதான் சொல்லிருப்பேன்." பஸ் வந்தது. ஏறப் போனவள் திரும்பி, "இத எங்கத்தாட்ட மட்டும் சொல்லிராதீங்க" என்றாள். நான் சொல்லவில்லை. நீயும் சொல்லிவிடாதே.

படகை நான் விற்கவில்லை, மகனே. ஒன்று ஒத்துக்கொள்கிறேன், இனி சொல்லாமல் போகமாட்டேன். போகும்போது புதுசாக வாங்கின போனிலிருந்து ரஹ்மத்துக்கு ஒரு மிஸ்டு கால், கரையேறினதும் ஒரு மிஸ்டு கால். அவள் போட்ட சட்டம். தார்ப்பாயில் ஒரு பெரிய பையும் தைத்து வைத்திருக்கிறேன். கவிழ்ந்தால் அதில் கடல் தண்ணீரை நிரப்பி என்னோடு கயிற்றில் தொங்கவிட வேண்டும். அதுதான் இனிமேல் எனக்கு இரண்டாவது ஆள். கரைக்குப் பக்கத்தில் படகைச் சாய்த்துப் போட்டு ஒரு தடவை செய்து பார்த்தேன், நிமிர்ந்தது. நிமிர்ந்ததற்குச் சந்தோஷப்பட வேண்டும். பையிலிருந்து தண்ணீரைக் கொட்டிவிட்டு அதைச் சுருட்டும்போது எனக்கு என்னவோ போல இருந்தது.

உனக்குக் கல்யாண புத்தி சொல்ல எனக்குத் தகுதி உண்டா தெரியாது. பொண்டாட்டியைப் பாதி ஆயுளுக்குப் போனிலேயே வைத்திருந்தவன் நான். ஒன்றே ஒன்று சொல்கிறேன். வீட்டை விட்டு இறங்கும்போது எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போ. கடைக்கு என்றாலும் சொல். அவளும் சொல்லட்டும். கட்டுப்பாடு என்று நினைக்காதே. நம் வரவைப் பார்த்துக்கொண்டு ஓர் ஆள் இருப்பது சின்ன விஷயம் இல்லை. கவிழ்ந்த படகின் மேல் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

முந்தாநாள் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு உன் மாமா வீட்டுக்குப் போனேன். உன் அம்மா உயிரோடு இருந்தால் முதல் பத்திரிகை அந்த வீட்டுக்குத்தான். அவர் முற்றத்தில் வலைக்கு மிதவை கோத்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் கிடந்த ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தேன். பத்திரிகையை நீட்டினேன். வாங்கவில்லை. வலையின் மேலேயே வைத்தேன். அதைப் படிக்காமல் ஓரமாக எடுத்து வைத்துவிட்டுக் கோக்கிற வேலையைத் தொடர்ந்தார். உன் மாமி கொண்டு வந்த டீயைக் குடித்தேன். வாரேன் மச்சான் என்று எழுந்தேன்.

வாசல் வரை வந்த பிறகு கேட்டார், "எப்பப் பொறப்புடுறீங்க?"

"வியாழக்கிழமை. திருச்சியில இருந்து ஃபிளைட்டு."

"திருச்சிக்கு எப்புடி?"

"அறந்தாங்கி போய் பஸ் புடிக்கணும்."

வலையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார், "பொட்டியத் தூக்கிக்கிட்டு ரெண்டு பஸ் மாற முடியாது. வண்டி எடுத்தாறேன். காலையில ரெடியா இருங்க."

நாளைக்குத்தான் அந்த வியாழக்கிழமை. திருச்சி வரைக்கும் அவர் ஒரு வார்த்தை பேச மாட்டார், எனக்குத் தெரியும். நானும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வருவேன். ஏர்போர்ட்டில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, நான் உள்ளே போகும் வரை அவர் நிற்பார் என்று நினைக்கிறேன். அப்போது உன்னைக் கூப்பிட்டு, போனை அவர் கையில் கொடுப்பேன். வாங்குவாரா, மாட்டாரா, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். வாங்கிக் காதில் வைத்தால் அவர் ஹலோ சொல்லும் வரை காத்திருக்காதே. நீ முதலில் பேசு.

உன் அத்தா